தங்காமல் போன எண்ணெய்

திருமலைராயன்பட்டினத்துக்கு மேற்கே ஒரு நெல்வயலைக் குத்தகைக்கு எடுத்து எண்ணெய்க் கிணறு தோண்டினோம். துளையிலிருந்து சேற்றோடு மேலே வரும் பாறைத் துணுக்குகளைக் கழுவி, புற ஊதா விளக்கின் அடியில் வைத்துப் பார்ப்பது என் வேலை. எண்ணெய் பட்ட துணுக்கு மஞ்சளாக ஒளிரும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் என் மேலதிகாரி. ஓய்வு பெறுவதற்கு முன் அவர் குறித்துக் கொடுத்த கடைசிக் கிணறு அது. வயலுக்குச் சொந்தக்கார அம்மா பக்கத்து வீட்டில் இருந்தார். கணவர் போன பிறகு தனியாக விவசாயம் பார்த்தவர். மாலையில் வேலியோரம் வந்து, எண்ணெய் வந்ததா என்று என்னிடம் விசாரிப்பார். ஆசையில் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவரே சொன்னார்: "வராம இருந்தாத் தேவலைங்க. வந்துச்சுன்னா நெலத்தத் திருப்பித் தர மாட்டீங்கல்ல?"

நான் துணுக்குகளைக் கழுவத் திரும்பிப் போனேன்.

எதிர்பார்த்த மணற்பாறை வந்தது, துணுக்குகளும் ஒளிர்ந்தன. அதிகாரி விளக்கை விட்டு நகரவில்லை. ஆனால் கருவிகளை இறக்கி அளந்தபோது பாறை முழுக்க உப்புத் தண்ணீர்தான். எண்ணெய் வெறும் கறையாக ஒட்டியிருந்தது.

சேதி தெரிந்து அந்த அம்மா வந்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அதிகாரியைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார்.

"கறை இருக்குன்னு சொல்றாங்க. அப்ப அந்த எண்ணெ எங்கங்க போச்சு?"

அவர் நிமிர்ந்தார். ஆழத்தில் களிப்பாறை வெந்து எண்ணெயும் வாயுவும் உண்டாவதையும், தண்ணீரைவிட லேசானதால் மணற்பாறையின் நுண்ணிய துளைகள் வழியே அவை மெல்ல மேலேறுவதையும் சொன்னார். மேலே இறுகிய களிப்பாறை மூடியிருந்தால் அதன் அடியில் தேங்கும். வாயு மேலே, எண்ணெய் நடுவே, தண்ணீர் கீழே. இங்கே அந்த மூடி என்றோ பிளந்துபோயிருக்கிறது.

"இங்க வந்துச்சும்மா. தங்கல," என்றார்.

"நாம பொறக்குறதுக்கு முன்னாடியே போனதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க? மோரக் குடிங்க."

அவர் குடித்தார். அன்று மதியச் சாப்பாடும் எங்கள் இருவருக்கும் அந்த அம்மா வீட்டில்தான்.

கிணற்றைச் சிமெண்டால் அடைத்தோம். லாரிகள் நிற்க வயலில் கொட்டியிருந்த ஜல்லியை அள்ளி முடிக்க வெகுநாள் ஆனது. அடுத்த சம்பாவுக்கு அந்த அம்மா வயலில் நாற்று நட்டார். கிணறு இருந்த மூலையில் மட்டும் பயிர் வெளுத்து நின்றது. ஓய்வு பெற்றுவிட்ட அதிகாரி என்னோடு பார்க்க வந்தார். அவரும் அந்த அம்மாவும் வரப்பில் நின்று, அந்த மூலைக்கு என்ன எரு போடலாம் என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.