ரஹீமா அக்கா காருக்குச் சிப் மாற்றிய கதை

தொண்ணூறுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் சுற்றும் மெஷின்களின் போர்டைப் பழுது பார்ப்பதும், அவற்றின் புரோகிராம் சிப்பைக் காப்பி எடுத்து வைப்பதும் என் வேலை. கார் ஓட்டத் தெரியாது. அப்படிப்பட்ட என்னைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஜேசுதாஸ் வந்து நின்றான்.

"ஏலே, ஒரு கார் வந்திருக்கு. டைமிங்கைத் திருப்பி வைக்கலாம்னா, திருப்புறதுக்கு ஒண்ணுமே இல்லலே. எல்லாம் ஒரு டப்பாக்குள்ள இருக்கு. வந்து பாரு."

கார் ரஹீமா அக்காவுடையது. கணவர் காதர் பாயோடு பல வருடம் வளைகுடாவில் இருந்து, திரும்பும்போது காரையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். ஓட்டுவது அக்காதான், பாய்க்கு ஸ்டியரிங் என்றாலே பயம். இங்கே தறிக்காரர்களிடம் சேலை எடுத்து மதுரைக் கடைகளுக்குப் போட ஆரம்பித்திருந்தார் அக்கா. லோடு ஏற்றி, ஏசி போட்டு மிதித்தால், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இஞ்சினுக்குள் சத்தம். நாக்கிங். அந்த ஊர் பெட்ரோலுக்குத் தகுந்தபடி டப்பாவுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கை, முன்கூட்டியே வைத்திருக்கிறது; நம் ஊர் பெட்ரோல் அதைத் தாங்கவில்லை.

"இப்படியே ஓட்டுனா பிஸ்டன் போயிரும்க்கா," என்றான் ஜேசுதாஸ்.

காதர் பாய் உடனே தீர்ப்புச் சொன்னார். "தார்ப்பாயைப் போட்டு மூடிருவோம். நீ எல்லாரையும் மாதிரி பஸ்ஸுல போ."

"போறேன். சேலை மூட்டையை நீங்க தூக்கிட்டு வாங்க," என்றார் அக்கா.

டப்பாவைத் திறந்தேன். உள்ளே சாக்கெட்டில் செருகியிருந்தது எங்கள் மில் மெஷினில் இருக்கும் அதே வகைச் சிப். எனக்குப் பாதி உயிர் வந்தது. மேனேஜரிடம் அனுமதி கேட்டு, மில்லில் காப்பி எடுக்கும் கருவியில் செருகிச் சிப்பைப் படித்தேன். திரை நிறைய எண்கள். ஓரிடத்தில் மட்டும் அவை வரிசை வரிசையாக, சீராக ஏறி இறங்கின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜேசுதாஸ் துள்ளினான்.

"ஆர்பிஎம் கூடக் கூட ஏறுது, லோடு கூடுனா இறங்குது. இதான்லே டைமிங்!"

அதிக லோடு வரும் மூலையில் மட்டும் எண்களைக் கொஞ்சம் குறைத்து, புதுச் சிப்பில் எழுதிச் செருகினோம். அக்கா சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, இஞ்சின் எடுக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். இல்லை.

"முடிச்சுட்டீகளா?" என்றார் காதர் பாய். எந்த அர்த்தத்தில் கேட்டார் என்று யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பழைய சிப்பை மாட்டினேன். சட்டென்று ஸ்டார்ட் ஆனது. அப்படியென்றால் டப்பா நன்றாக இருக்கிறது; கோளாறு எங்கள் காப்பியில். டீயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் பிடிபட்டது. மில் மெஷினும் ஸ்விட்ச் போட்டதும் சிப்பில் உள்ள எண்களை எல்லாம் கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகை மாறினால் ஓடாது. காரும் அப்படித்தான். டைமிங்கில் குறைத்ததை, சிப்பில் பயன்படாத காலி இடத்தில் கூட்டி எழுதினேன். மொத்தம் பழையபடி வந்தது.

இந்த முறை சாவியைத் திருப்பியதும் இஞ்சின் உறுமியது. ஜேசுதாஸ் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

நல்ல வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு பாலவனத்தம் ரோட்டில் போனோம். முன்னால் அக்காவும் ஜேசுதாஸும். பின்னால் சேலை மூட்டைகளுக்கு நடுவே பாயும் நானும்.

"மிதிங்கக்கா," என்றான் ஜேசுதாஸ், டேஷ்போர்டில் காதை வைத்தபடி. அக்கா மிதித்தார். சத்தமே இல்லை. முன்னால் போன லாரி பின்னால் போனது. காதர் பாய் என் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போதும் தாயி, மெதுவா!" என்று கத்த, அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "டைமிங்கைக் குறைச்சா இழுவை கொஞ்சம் குறையணும். வண்டி எப்படிக்கா முந்தியைவிட நல்லாப் போகுது?"

"சத்தம் கேக்கும்போதெல்லாம் பயந்து காலை எடுத்துருவேன்," என்றார் அக்கா. "இப்ப எடுக்கல. அம்புட்டுதான்."

செய்தி பரவி, கம்ப்யூட்டரே இல்லாத டீசல் அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தி, "நமக்கும் ஒரு சிப்பு போட்டு விடுங்கண்ணே" என்று கேட்டவர்கள்கூட உண்டு. பின்னாளில் இதுவே எனக்குத் தொழிலானது. இப்போது இளைஞர்கள் லேப்டாப்பைச் செருகி நிமிடத்தில் இந்த எண்களை மாற்றி ரீமேப் செய்கிறார்கள். நல்லது. ஆனால் செருகுவதற்கு முன் ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வாருங்கள். அவர் காலை எங்கே எடுக்கிறார் என்று பாருங்கள். மாற்ற வேண்டிய எண் அங்கேதான் இருக்கும்.