பஸ்ஸின் பின்னால் ஒரு டர்போ

போன வாரம் சிதம்பரத்தில் எங்கள் எதிர்வீட்டு நிவேதா கார் வாங்கினாள். முதல் கார். சும்மா கடைக்குப் போய்வருகிற கார் இல்லை... டர்போ இன்ஜின், மேனுவல் கியர். ஸ்டார்ட் செய்தாலே தெருவில் ஜன்னல்கள் திறக்கும்!

காலேஜ் நாளிலிருந்தே அவளுக்கு இந்தப் பைத்தியம். தெருவில் போகும் வண்டியின் சத்தத்தை வைத்தே அது என்ன கார் என்று சொல்லிவிடுவாள். "வேகத்துக்காகத்தான் மாமா வாங்குனேன். ஆனா அதெல்லாம் ரேஸ் ட்ராக்ல மட்டுந்தான்" என்றாள் என்னிடம்.

அவள் அம்மா வசந்தாவுக்கு இது எப்படி இருந்திருக்கும்? கணவரை ரோட்டில் பறிகொடுத்தவர். அவர் போன பைக்கில் லாரி மோதிவிட்டது. அன்றிலிருந்து வசந்தா பஸ், ரயில் தவிர எதிலும் ஏறுவதில்லை. ஆட்டோகூட கிடையாது.

ஆனாலும் திருவந்திபுரம் கோயிலில் வண்டிக்குப் பூஜை என்றதும், நானும் நிவேதாவும் காரில் போக, அவர் பஸ் பிடித்து வந்துவிட்டார். தன் கையால் மாலை போட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கியபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"ஏறும்மா, போலாம்."

"நீ மாமாவ கூட்டிக்கினு போ. நான் பஸ்ஸுல வந்துர்றேன்."

நிவேதா கெஞ்சவில்லை. கடலூரில் அம்மா சிதம்பரம் பஸ் ஏறும் வரை காத்திருந்தாள். பிறகு காரை அந்த பஸ்ஸுக்குப் பின்னால் விட்டாள்.

முந்தவே இல்லை! பஸ் நின்றால் நாங்களும் நின்றோம். பஸ் உருண்டால் நாங்களும் உருண்டோம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துவிட்டு, காரைப் பார்த்து, இவளைப் பார்த்து, சிரித்துக்கொண்டே போனார்கள்.

"முந்திப் போயேம்மா" என்றேன்.

"அம்மா கடேசி சீட்ல உக்காந்து திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க மாமா. முந்திட்டா என்னைத் தேடுவாங்க."



ஆலப்பாக்கம் ஸ்டாப்பில் கண்டக்டர் இறங்கி வந்தார். "இன்னாம்மா, வண்டி ரிப்பேரா? கடலூர்லேர்ந்து பின்னாடியே வர்றியே?"

"இல்லண்ணா. உள்ள எங்கம்மா இருக்காங்க."

அவர் பஸ்ஸையும் பார்த்தார், காரையும் பார்த்தார். திரும்பிப் போய் பஸ்ஸில் ஏறினார். உள்ளே போய் என்ன சொன்னாரோ தெரியாது... புதுச்சத்திரத்தில் பஸ் நின்றதும் பின்வாசல் வழியாக வசந்தா இறங்கினார். கையில் பிரசாதப் பை. நேராக எங்களிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க பின்னாடி குந்துறீங்களா?"

நான் மாறிக்கொண்டேன். நிவேதா அம்மாவுக்கு பெல்ட் போட்டுவிட்டாள். கிளிப் உடனே மாட்டவில்லை. வசந்தா மகளின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். கார் கிளம்பியது. பஸ்ஸுக்குப் பின்னால்... அதே வேகத்தில்.

கொஞ்ச தூரம் போயிருப்போம்.

"எம்மாம் நேரம்டி இந்தப் பொகைய தின்னுவ? முந்திப் போ."

"நெஜமாவா?"

"பாத்துப் போ... ஆனா போ."

நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், எதிரே ரோடு காலியாகும் வரை காத்திருந்தாள். பிறகு கியரை ஒன்று குறைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

பஸ்ஸைத் தாண்டியபோது வசந்தா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

மூடிக்கொண்டது நான்தான்!