காலி லயம்

தனியாகப் போலந்துக்கு வந்திருக்கிறேன். விடுதியில் என்னைத் தவிர யாருமில்லை. பக்கத்து அறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டபோது, சின்ன வயதில் பத்து காஜா என்ற ஊரின் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயம் நினைவுக்கு வந்தது.

மற்ற குடும்பங்கள் ஜெலாப்பாங் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டிருந்தன. ஆள் இருப்பதுபோல் காட்ட, அப்பா பொழுது சாய்ந்ததும் காலி வீடுகளைப் பார்த்து, "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று குரல் கொடுப்பார். நான் அவர் கையைப் பிடித்தபடி கூடவே நடப்பேன்.

ஒருநாள் ஒரு வீட்டுக்குள்ளிருந்து, "இன்னும் இல்லலா," என்று மெதுவாகப் பதில் வந்தது.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கதவைத் தாழிட்டார்.

"யாருங்க அது?" என்றாள் அம்மா.

"தெரிஞ்ச குரல் இல்ல. விடிஞ்சதும் போலாம்."

மறுநாளே லயத்தைவிட்டுக் கிளம்பினோம்.

இங்கே தனிமை தாங்காமல், பக்கத்து அறையைப் பார்த்து ஏதாவது கேட்க வாயெடுத்தேன். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, பேசாமல் இருந்துவிட்டேன்.