நெருப்புப் படாத பொடி

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் எலியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வைத்த பெயரோ, ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் கோபமில்லை. வெள்ளைச் சுண்டெலியை வாலடியில் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையில் உட்காரவைத்து, முனை மழுங்கிய ஊசியால் அதன் வாய்க்குள் மருந்தை இறக்கிவிடுவாள். எலி ஒரு தடவை கண்ணைச் சிமிட்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் கையை அது கடித்துக் குதறிவிடும்.

எலிக்கூடத்துக்குள் நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. உடை மாற்ற வேண்டும், தலைக்கு உறை, முகத்துக்கு உறை, கைக்கு உறை. மனுஷிக்கே இந்தப் பாடு என்றால் சாமான்களைக் கேட்கவே வேண்டாம். எலி தின்னும் தீனி, குடிக்கும் தண்ணீர், படுக்கும் மரத்தூள், கொடுக்கும் மருந்து என எல்லாமே சுவரில் பதித்த ஆட்டோகிளேவ் என்ற இரும்புப் பெட்டிக்குள் போய், நீராவியில் வெந்து, மறுபக்கக் கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். குக்கருக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வெளிக்கிருமி ஒன்று புகுந்தாலும் எலிகள் கூண்டோடு போய்விடும், எல்லோருடைய உழைப்பும் பாழ். அந்தப் பெட்டியில் சாமான்களை அடுக்கி எடுப்பது அவள் வேலை. செய்து செய்து அது வாசற்கதவைத் திறந்து மூடுவதுபோல ஆகிவிட்டது. வாசற்கதவைத் திறந்ததை யார் ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள்?

இந்த முறை ஆராய்ச்சிக்கு வந்தது உடும்புப் பொடி. சதையும் எலும்புமாக வெயிலில் உலர்த்தி இடித்த நாட்டு மருந்து. போன தெம்பு திரும்பும் என்று ஜனங்கள் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். இதில் விஷம் உண்டா, ஈரலைக் கெடுக்குமா என்று எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் வேலை. ஆராய்ச்சியை நடத்திய மேடம் அதிகம் பேசமாட்டார், ஆனால் நல்ல மனுஷி. எலிகளும் நல்ல எலிகள். மாதங்கள் போகப் போக மயிர் பளபளக்க, வயிறு உருண்டு, கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக் கிடந்தன.

வீட்டில் கிடந்தவன்தான் நன்றாக இல்லை. அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி, மருத்துவமனையில் மருந்தாக ஏற்றி ஏற்றி, ஆள் பாதியாகிவிட்டான். பத்து மாடி ஏறி இறங்கினவன், கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னல்வரை வருவதற்குள் மூச்சு வாங்குவான். வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். அவளுக்கென்று தனிக் குடும்பம் கிடையாது. தம்பியும் தம்பி மனைவியும்தான். அவனுக்கு ஏதாவது ஒன்று என்றால் அவளுக்கு உலகமே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவன் கட்டிலிலிருந்தே கேட்டான்.

"அக்கா, அந்த உடும்புப் பொடி எலிக்கு என்ன பண்ணுது?"

"என்ன பண்ணும்? தின்னு கொழுத்துப்போய்க் கிடக்குதுங்க. ஒரு எலிக்குக்கூட ஒண்ணும் ஆகலை."

கண்ணால் கண்டதைச் சொன்னாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த மாடிவீட்டு அம்மாவும் வாசலில் நின்றபடி அதைக் கேட்டார்.

அதற்கடுத்த வாரம் வீட்டு அலமாரியில் ஒரு தகர டப்பா நிறைய உடும்புப் பொடி முளைத்தது. நாட்டு மருந்துக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாராம்: நெருப்பே காட்டக்கூடாது, காட்டினால் சத்து செத்துவிடும். காலையில் ஒரு கரண்டி, தேனில் குழைத்து. என்ன மாயமோ, இரண்டாவது வாரமே தம்பி கஞ்சி கேட்டான். அப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைக் கிண்டல் பண்ண ஆரம்பித்தான். தம்பி மனைவி ஒருநாள் அடுப்படியில் நின்று, "அண்ணி, நீங்க சொன்னதாலதான் துணிஞ்சு குடுத்தேன்" என்று சொல்லி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். எலியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வருஷம் எலிப் புழுக்கை அள்ளியதற்கு இதுவாவது ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

பாழாய்ப்போன அந்த ஆட்டோகிளேவ் அப்போதுதான் காலை வாரியது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் தேய்ந்து ஆவி கசிந்திருக்கிறது. உள்ளே சூடு ஏறவேயில்லை. மீட்டரோ எல்லாம் சுகம் என்று காட்டிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த பொடி அப்படியே பச்சையாக உள்ளே போய்விட்டது. அதைக் குடித்த எலிகள் மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கூண்டின் மூலையில் ஒடுங்கின. மரத்தூளெல்லாம் பேதி. சில எலிகளை அவள் விறைத்த பிணமாகத்தான் எடுத்தாள்.

மேடம் சோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். குடலில் கிளம்பி ரத்தத்துக்குப் போகிற கிருமியாம். உடும்பு போன்ற ஊர்வனவற்றின் வயிற்றில் சாதாரணமாக இருக்குமாம். வெயிலில் காயவைத்தால் சாகாதாம். அதற்காகத்தான் பொடியை வேகவைத்து உள்ளே கொண்டுவருகிறோம், நாம் பார்ப்பது பொடியில் விஷம் இருக்கிறதா என்பதை மட்டும்தான் என்றார். செத்தவை இந்தக் கணக்கில் சேராது, வேறு எலிகளை வைத்துத் திரும்பத் தொடங்கலாம் என்றார். எல்லாம் முறைப்படிதான்.

எலியம்மா சுவரில் பதித்த அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். தன் கையால் அந்தப் பொடியை எத்தனை தடவை பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்! அவள் எலிகள் தின்றது வெந்த பொடி. அவள் தம்பி தின்பது வேகாத பொடி. இது ஏன் தனக்கு உறைக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். வெளியே இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன ஆகும் மேடம் என்று கேட்டாள். நல்ல உடம்பென்றால் வயிற்றுப்போக்கோடு போய்விடும், உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாதவர்களுக்கு என்றால், என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"வீட்ல யாராவது சாப்பிடறாங்களா?"

"தம்பி மேடம்."

"இன்னைக்கே நிறுத்திடுங்க. இப்பவே கிளம்புங்க."

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். ஆட்டோகிளேவ், ரப்பர் வளையம், கிருமி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். தம்பி சிரித்தான். மெஷின் ரிப்பேருக்கும் மருந்துக்கும் என்னக்கா சம்பந்தம், நானே மெக்கானிக், என்னிடமா கதை விடுகிறாய் என்றான். மேடத்திடம் வந்து பேசு என்றாள். எலி டாக்டரிடம் நான் எதற்கு வரவேண்டும் என்றான். அவள் அழ ஆரம்பித்ததும் அவன் சிரிப்பு நின்றது.

"நீதானேக்கா சொன்னே, ஒரு எலிக்குக்கூட ஒண்ணும் ஆகலைன்னு. அதைக் கேட்டுத்தான் பிழைச்சு உட்கார்ந்திருக்கேன். இப்ப வந்து பயமுறுத்தறியே."

அவன் முகத்தில் இருந்த பயத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அந்தப் பொடியைப் பிடுங்கினால் அவனிடம் வேறு என்ன இருக்கிறது? அவனோ உடும்புப் பிடியாகத்தான் அதைப் பிடித்திருந்தான்.

கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தாள். அவன் தூங்கும் நேரம் பார்த்து, டப்பாவில் இருந்ததைக் கிண்ணத்தில் கொட்டி, மூடி, குக்கரில் வைத்து விசில்மேல் விசிலாக விட்டாள். ஈரம் போக வாணலியில் வறுத்து, ஆறவைத்து, ஒன்றும் தெரியாதவள்போல டப்பாவில் போட்டாள். மறுநாள் காலை அவன் மோந்து பார்த்தான். நிறம் கறுத்திருக்கிறதே, நெருப்புக் காட்டினாயா என்றான். அவளுக்குப் பொய் வரவில்லை, ஆமாம் என்றாள். அவன் டப்பாவை அப்படியே குப்பையில் கவிழ்த்தான். மனைவியை அனுப்பிப் புதுப் பொடி வாங்கிவரச் செய்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் சாப்பிட்டான். தம்பி மனைவியிடம் கெஞ்சினாள். அவள் பாவம், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சாப்பிடுகிற புருஷனை எப்படித் தடுப்பேன் அண்ணி என்றாள்.

ஒரு மழை நாளில் அவனுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் ரத்தத்தில் கிருமி என்றார்கள். எலியம்மா எல்லாவற்றையும் டாக்டரிடம் கொட்டினாள். அவரும் அதற்கேற்ற மருந்தைத்தான் ஏற்றினார். தாங்குவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. நினைவு தெளிந்த ஒரு மத்தியானம் தம்பி அவள் விரலைப் பிடித்தான்.

"எலிங்க எப்படியிருக்குக்கா?"

"நல்லாயிருக்குடா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டான். அதன்பிறகு அவன் பேசவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கிளம்பிப் போன பிறகு, அவள் அந்தப் பொடியைத் தேடினாள். மண்ணில் புதைத்தால்தான் மனசு ஆறும் போலிருந்தது. தலையணைக்கு அடியில் இல்லை, அலமாரியிலும் இல்லை. தம்பி மனைவி தலை நிமிராமல் சொன்னாள்.

"மாடிவீட்டு அம்மா கேட்டாங்க அண்ணி. அவங்க வீட்டுக்காரர் மூட்டுவலிக்கு. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கலை, எடுத்துட்டுப் போங்கன்னு குடுத்துட்டேன்."

அவள் படியேறி ஓடினாள். மாடிவீட்டுக்காரர் வீங்கிய முழங்காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டப்பா, தேன் பாட்டில், கரண்டி. அவள் நின்றபடியே ஆரம்பித்தாள். வெந்த பொடி, வேகாத பொடி, செத்த எலிகள், தம்பி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். துக்கத்தில் இருப்பவளிடம் எப்படிப் பேசவேண்டுமோ அப்படி, மெதுவாகப் பேசினார்.

"உன் தம்பிக்கு வந்தது பொல்லாத வியாதிம்மா. அதுக்கு நீ என்ன பண்ணுவே, பொடி என்ன பண்ணும்? மனசைப் போட்டு அலட்டிக்காதே. நீ எலிக்குக் குடுத்துப் பார்த்துச் சொன்னதாலதான் நானே தைரியமாச் சாப்பிடறேன்."

சொல்லிவிட்டுக் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டார்.