எதிராளிக்கும் சேர்த்துப் பேசியவர்

செய்தி அக்கா வானொலி வேலையை உதறிவிட்டு வார்டு தேர்தலில் நின்றபோது, வீட்டில் முதலில் சிரித்தது அவருடைய நாத்தனார்தான். பிறகு நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்ததும் அவள்தான்.

காலைச் செய்தியில் அக்கா குரல் கேட்ட பிறகே பல வீடுகளில் அடுப்பு எரியும். அந்த நாற்காலியில் இப்போது வேறொரு பெண். தோற்றால் அங்கே திரும்ப முடியாது. ஓட்டுக் கேட்டுத் தெருவில் இறங்கியவளை மறுபடி செய்தி வாசிக்க யார் விடுவார்கள்? "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடாம பாத்துக்கோ" என்றார் கணவர், வண்டிக்குக் காற்றடித்தபடி. அவருக்கு அதில் கொஞ்சம் சொந்தக் கவலையும் இருந்தது.

முதல் தெருமுனைக் கூட்டத்திலேயே வினை வந்தது. அடைத்துக்கொள்ளும் சாக்கடையை மாதாமாதம் தூர்வாருவேன் என்றார் அக்கா. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு தரப்பை மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துப் பழக்கமில்லாத வாய். "எதிர்த்து நிக்கிற இரும்புக்கடை அண்ணன் வேற மாதிரி சொல்றாரு" என்று ஆரம்பித்து, பெரிய குழாய் பதிக்கும் அவருடைய திட்டத்தைப் புட்டுப்புட்டு வைத்தார். கூட்டம் கைதட்டியது.

நாத்தனார் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, இப்ப நாம யாருக்கு ஓட்டு கேக்குறோம்?"

"அவர் பக்கத்தையும் சொல்லணும்ல?"

"அதுக்கு அவருக்கு வாய் இருக்கு. சொந்தக் காசுல சூனியம்னா இதுதான்."

அவருக்கு வாய் இருந்ததே தவிர, மேடையில் அது திறக்காது. ஆணி விலையும் கீல் விலையும் தூக்கத்தில்கூடச் சொல்வார். மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளி மைதானத்தில் இருவரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, சாக்கடைக் கேள்வி வந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கைகாட்டினார். "அதை இவங்களே நல்லா சொல்லுவாங்க."

மைதானம் குலுங்கியது. அக்கா சொன்னார், எதையும் குறைக்காமல். தன் யோசனையைவிடக் குழாய்தான் சரி, ஜெயித்தால் அதையே செய்வேன் என்றும் சொன்னார். "ஆனா அண்ணன் குழாயைக் கடைசித் தெருவோட நிறுத்திட்டாரு. அங்கதானே தண்ணி தேங்குது? வாய்க்கால் வரைக்கும் கொண்டுபோகணும்."

இரும்புக்கடைக்காரர் யோசித்தார். "ஆமா, அதுவும் சரிதான்" என்றார், மைக்கிலேயே. முன்வரிசையில் அவர் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் இருந்த தையல்காரர், "ரெண்டு பேர் பேச்சையும் ஒருத்தரே பேசுறாங்க. இவங்களை அனுப்பினா ரெண்டு ஆளை அனுப்பின மாதிரி" என்றார். அந்தப் பேச்சு வார்டு முழுக்கப் பரவியது.

ஓட்டு எண்ணி முடித்தபோது அக்கா ஜெயித்திருந்தார், மயிரிழையில். எண்ணிக்கை நடந்த இடத்தின் வாசலில், வானொலியில் அக்கா நாற்காலிக்கு வந்திருந்த பெண் மைக்கை நீட்டினாள். "ஜெயிச்சிட்டீங்க, என்ன சொல்றீங்க அக்கா?"

"முதல்ல தோத்தவரைக் கேளும்மா. அப்புறம் என்கிட்ட வா."

மைக் இரும்புக்கடைக்காரர் பக்கம் திரும்பியது. அவர் தொண்டையைச் செருமினார். "குழாய் வாய்க்கால் வரைக்கும் போகணும். போகலேன்னா கடையை அடைச்சிட்டு வந்து கேப்பேன்."

"பாத்தீங்களா அண்ணி" என்றாள் நாத்தனார். "அவருக்கும் பேச வந்துடுச்சு. இனிமே உங்களுக்கு ஒரு வாயோட வேலை மிச்சம்."