விளக்கை அணைத்துவிட்டு நடத்திய பாடம்

காலை ஏழு ஐம்பதுக்கு வகுப்பறை விளக்குகளை அணைத்துப் புரொஜெக்டரைப் போட்டேன். முதலில் கண்ணில் பட்டது, முன்வரிசை மாணவி ஒருத்தி மேசைமேல் கன்னத்தைச் சாய்த்ததுதான்.

சிங்கப்பூர் எல்லைக்கு அருகே, மலேசியாவின் மாசாயில் மூன்றாம் ஆண்டு அறிவியல் வகுப்பு அது. பல பிள்ளைகளின் பெற்றோர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். விடியும் முன்பே பிள்ளைகளை எழுப்பி, பார்த்துக்கொள்பவர் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள்.

கடைசி வரிசையில் தலைமையாசிரியை, என் பாடத்தை மதிப்பிட உட்கார்ந்திருந்தார். நல்ல புள்ளி கிடைத்தால், தினமும் வெகுதூரம் வண்டி ஓட்டி வராமல், என் வீடு இருக்கும் கெலாங் பாத்தாவுக்கே மாற்றல் கேட்கலாம். பற்களைப் பற்றிய ஸ்லைடுகளை அதற்காகவே பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன்.

நாலைந்து படம் போவதற்குள் பாதி வகுப்பு தூங்கிவிட்டது.

"டீச்சர், குரு பெசாரும் தூங்குறாங்க லா," என்றான் ஒருவன் மெதுவாக.

தலைமையாசிரியையின் தலை தொங்கியிருந்தது. அப்படியே பாடத்தை முடித்திருந்தால் புள்ளிக்குப் பங்கம் வந்திருக்காது. நான் விளக்கைப் போட்டேன்.

"முடிஞ்சிருச்சா டீச்சர்?" அவர் நிமிர்ந்தார்.

"இல்ல மேடம். இருட்டுல பிள்ளைங்க தூங்குறாங்க."

"வெளிச்சத்துல ஸ்லைடு தெரியாதே. அதுக்குத்தானே தனிப் புள்ளி?"

திரை வெளுத்துப் போயிருந்தது. வெண்பலகையில் கடைவாய்ப் பல் ஒன்றை வரைந்தேன். பிள்ளைகள் வாயைத் திறந்து, விரலால் தங்கள் பற்களைத் தடவிப் பார்த்தார்கள். தலைமையாசிரியை கொட்டாவியை மறைத்தபடி எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டும் நான் மாசாய்க்கே வண்டி ஓட்டினேன்.