மிஸிக்கு எதிராக நான் எழுதிய பெட்டிசம்

மூன்று வருடங்களுக்கு முன், கரவெட்டிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், வெங்காயம் நட்டு முடிந்த நேரம் நடந்தது இது. இன்றைக்கும் இதைச் சொல்ல வெளிக்கிட்டால் எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

அப்போது என் மகளுக்கு இரண்டு மாதம். பிரசவத்துக்குப் பிறகு மனைவிக்குக் கடும் சுகவீனம், தாய்ப்பால் கொடுக்க முடியவில்லை. புட்டிப்பால்தான். மாவைக் கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை நானே அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்க வைப்பேன். என்னைப் போலக் கவனமான தகப்பன் ஊரிலேயே இல்லை என்று எனக்கொரு நினைப்பு!

எங்களுடையது பங்குக் கிணறு. நான்கு குடும்பங்களுக்குக் காணி உறுதிப் பத்திரத்திலேயே பங்கு உண்டு. முறை வைத்து அதில்தான் தோட்டத்துக்கு இறைப்போம், அதையேதான் குடிப்போம். யூரியாப் பசளை மூட்டைகளை அடுக்குவதும், பூச்சிமருந்து கலப்பதும் கிணற்றடியில்தான். யாரும் அதைப் பிழையென்று நினைத்ததில்லை.

பிள்ளையை நிறுத்துப் பார்க்க ஸ்கூட்டியில் ஒரு சுகாதாரத் தாதி வருவார். மிஸி என்றுதான் ஊரில் கூப்பிடுவோம். அன்று பிள்ளையைப் பார்த்த கையோடு நேரே கிணற்றடிக்குப் போய்விட்டார். எனக்கு விசர் வந்தது.

"மிஸி, பிள்ளையைப் பாக்கத்தானே வந்தனீங்கள்? கிணத்தடியில என்ன வேலை?"

"பிள்ளை குடிக்கிறது இந்தக் கிணத்தைத்தானே அண்ணை," என்றார். "பசளை கரைஞ்சு இறங்கின தண்ணி. கொதிக்க வைச்சால் கிருமிதான் சாகும், பசளை போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். பிள்ளைக்குப் போத்தில் தண்ணி வாங்குங்கோ."

சோதனைக்கென்று தண்ணீரும் எடுத்துக்கொண்டு, மற்ற மூன்று வீடுகளுக்கும் போய், மூட்டைகளை அகற்றச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. "உவ ஆர் எங்கடை கிணத்துக்குக் குற்றம் சொல்ல? வெளியில தெரிஞ்சால் எங்கடை வெங்காயத்தை ஆர் வாங்குவினம்?" என்று மூத்த பங்காளி துள்ளினார். எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தால் அடுத்தது என்ன? பெட்டிசம்! 'தன் வேலைக்கு அப்பால் தலையிட்டுச் சனத்தைப் பயமுறுத்துகிறார்' என்று சுகாதாரக் கந்தோர் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதினோம். என் எழுத்து வடிவாக இருக்குமென்று எழுதியது நான். முதல் கையெழுத்தும் நான். போத்தில் தண்ணீர் வாங்கினேனா? இல்லை. ரோசம்!

பத்தாம் நாள் மிஸி திரும்ப வந்தார். கந்தோரில் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது எனக்குத் தெரியும். கூச்சமாக இருந்தது, ஆனாலும் விறைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பிள்ளையின் உதட்டையும் நகத்தையும் வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு நாளாகவே பிள்ளை ஒரு மாதிரிக் கருநீலமாகத்தான் இருந்தது. கூதலாக்கும் என்று நாங்கள் போர்த்தி வைத்திருந்தோம்.

"அண்ணை, உடனை ஓட்டோவைக் கூப்பிடுங்கோ. உடுப்பெல்லாம் பிறகு எடுக்கலாம்!"

ஓட்டோவில் பிள்ளையை மடியில் வைத்திருந்ததும் அவர்தான். வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, கிணறு, பசளை, புட்டிப்பால் என்று எல்லாம் சொன்னார். வாசலில் ஆட்கள் தயாராக நின்றார்கள். ஒட்சிசன் வைத்து, ஊசி போட்டு, பிள்ளையின் நிறம் திரும்பியபோது, விறாந்தையில் இருந்து வெட்கமில்லாமல் அழுதேன். தண்ணீரில் கரைந்த பசளை கைக்குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசனைச் சேரவிடாதாம். தண்ணீர்தான் காரணமென்று முதலே தெரிந்ததால் தப்பியது, இன்னும் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை என்றார் டொக்டர்.

மிஸியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ அண்ணை. மூட்டையளை எடுத்தாச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

என்னுடையதை எடுத்தேன். மற்றவர்கள்? "உன்ரை பிள்ளைக்குப் பிறவியிலையே ஏதோ குறை. கிணத்தைப் பழிக்காதை," என்று மூத்த பங்காளி என் முகத்துக்கே சொன்னார். சோதனை முடிவு வந்து, தண்ணீர் குடிக்கக் கூடாதென்று எழுத்தில் காட்டிய பிறகும் அவருடைய மூட்டை அங்கேதான் கிடந்தது. பெட்டிசத்தை மீளப்பெறக் கந்தோருக்குப் போனேன். "அவவை எச்சரிச்சாச்சு, ஃபைலும் மூடியாச்சு தம்பி," என்றார் கதிரையில் இருந்தவர். கிணற்றை எட்டிப் பார்த்த தாதிக்கு எச்சரிக்கை, அதில் நஞ்சு சேர்த்த எங்களுக்கு ஒன்றுமேயில்லை! இது என்ன நியாயம்?

மகள் இப்போது முற்றமெல்லாம் ஓடித் திரிகிறாள். அவளைக் காப்பாற்றியவரின் பெயருக்கு நேரே என் வடிவான எழுத்தில் ஒரு கறை இன்னும் கிடக்கிறது, அதை எப்படி அழிப்பதென்று எனக்கு வழி சொல்ல எந்தக் கந்தோரிலும் ஆளில்லை.